பேக்கரின் துவக்குகளும் வன்னியின் யானைகளும்

வெள்ளவத்தையில் இருந்தும் கொட்டாஞ்சேனையில் இருந்தும் வெள்ளிக்கிழமை இரவுகளில் புறப்படும் வான்கள் மறுநாள் விடியும்போது ஹோர்ட்டன் சமவெளியின் நுழைவாயிலில் வரிசையில் நிற்கின்றன. உலக முடிவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் எல்லோரும் பேக்கர் நீர்வீழ்ச்சியடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் வரும் பாடசாலைப் பிள்ளைகளும் அப்படித்தான். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால், ஒரு வெள்ளைக்காரத் துரை என்பதற்கு மேல் பெரும்பாலும் பதில் வராது.

சேர் சாமுவேல் வைட் பேக்கர் இலங்கையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனவர், பிரித்தானிய மகாராணியிடம் சேர் பட்டம் பெற்றவர், எகிப்தின் சார்பில் மத்திய ஆபிரிக்காவை ஆண்டவர் என்று உலகம் அவரை அறிந்திருக்கிறது. இலங்கையைப் பொறுத்தவரை அவர் முதலில் ஒரு வேட்டைக்காரர். அவருடைய 72 ஆண்டுகால வாழ்க்கையைத் துவக்கின் வரலாறாகவும் படிக்கலாம். வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் கையால் அடைத்துச் சுட்ட காலத்தில் வேட்டையைத் தொடங்கியவர், பித்தளைக் கோதுக்குள் எல்லாம் அடங்கிய ரவை உலகெங்கும் பரவிய காலத்தில் இறந்தார். அந்தச் சிறிய பித்தளைக் கோது உலகத்துக்கு என்ன செய்தது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு.

கொழும்பில் இறங்கிய இளைஞன்

பேக்கர் 1821 ஜூன் 8இல் இலண்டனில் பிறந்தார். தந்தை கப்பலும் வணிகமும் வைத்திருந்த செல்வந்தர். மொரீசியஸ் தீவில் குடும்பத்துக்குச் சீனித் தோட்டம் இருந்தது. 1843இல் ஹென்ரியெற்றா மார்ட்டினைத் திருமணம் செய்துகொண்ட சாமுவேல், தோட்டத்தைப் பார்ப்பதற்காக மொரீசியஸ் போனார். கணக்குப் புத்தகமும் சீனி ஆலையும் அவருக்கு ஒத்துவரவில்லை. இலங்கையில் யானைகள் நிறைய உண்டு என்று கேள்விப்பட்டதும் 1846இல் கப்பலேறினார்.

கொழும்பு அவருக்குப் பிடிக்கவில்லை. வேட்டையைப் பற்றி விசாரித்தபோது, நகரத்து வெள்ளையர்களில் பலருக்கு அதில் அக்கறையே இருக்கவில்லை. வணிகமும் விருந்தும் மதியத் தூக்கமுமாகக் கிடந்த ஊரை விட்டு அவர் விரைவிலேயே காட்டுக்குள் போய்விட்டார். ஓராண்டு காலம் தாழ்நிலக் காடுகளில் அலைந்ததன் பலனாகக் கடும் காட்டுக் காய்ச்சல் வந்தது. உடல் தேற அவரை நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். அங்கு இரண்டு வாரத்துக்குள் எழுந்து நடந்தார். அந்தக் குளிரையும் புல்வெளியையும் கண்டதும், இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைக்கலாம் என்ற எண்ணம் அவருக்குள் விழுந்தது.

இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர் தம்பி ஜோனையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டார். கொல்லன், குதிரைக்காரன், பண்ணை மேற்பார்வையாளர், விதைகள், பண்ணைக் கருவிகள், உயர்சாதி மாடுகள், வேட்டை நாய்கள் என்று ஒரு கப்பலை நிரப்பிக்கொண்டு 1848இன் பிற்பகுதியில் மீண்டும் இலங்கைக்குப் புறப்பட்டார்.

துவக்குக்கு வரி விதித்த ஆண்டு

அந்த 1848ஆம் ஆண்டு இலங்கை வரலாற்றில் சாதாரணமான ஆண்டல்ல. கோப்பி விலை வீழ்ந்து கருவூலம் காய்ந்திருந்தது. ஆளுநர் டொரிங்டன் பிரபு நாய்க்கு, வண்டிக்கு, கடைக்கு என்று வரிகளை அடுக்கினார். துவக்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் கட்ட வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. கண்டிக் கிராமத்தவனுக்குத் துவக்கு விளையாட்டுப் பொருளல்ல. பன்றியிடம் இருந்தும் யானையிடம் இருந்தும் சேனைப் பயிரைக் காக்கும் கருவி. ஜூலை இறுதியில் மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. இராணுவச் சட்டம் வந்தது. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கிராமத்தவனின் ஒற்றைத் துவக்குக்கு வரி கேட்ட அதே ஆண்டில்தான், பெட்டி பெட்டியாகத் துவக்குகளுடன் பேக்கர் நுவரெலியாவுக்கு ஏறினார். அதே காலத்தில் தென்னிந்தியாவில் இருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் மன்னாரில் இறங்கி, வன்னிக் காடுகளினூடாக மாத்தளைக்குக் கால்நடையாக நடந்துகொண்டிருந்தார்கள். பசியிலும் கொலராவிலும் காய்ச்சலிலும் வழிநெடுக விழுந்து இறந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. காடு ஒருவருக்கு விளையாட்டுத் திடலாகவும் இன்னொருவருக்குப் புதைகுழியாகவும் இருந்தது.

கையால் அடைத்த மருந்து

வன்னியிலும் கிழக்கிலும் இடியன் துவக்கைப் பார்த்தவர்களுக்குப் பேக்கரின் துவக்கைப் புரிந்துகொள்வது கடினமல்ல. இரண்டும் ஒரே இனம். குழாயின் வாய்வழியே அளந்த வெடிமருந்தைக் கொட்ட வேண்டும். அதன்மேல் துணித்துண்டு சுற்றிய ஈயக்குண்டை வைத்து, நீண்ட கோலால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். பின்னால் உள்ள முலைபோன்ற குமிழில் கேப் எனப்படும் சிறு செப்பு மூடியைப் பொருத்த வேண்டும். சுத்தியல் கேப்பில் விழ, தீப்பொறி உள்ளே ஓடும்.

வேறுபாடு அளவில்தான். 1840இல் பிறிஸ்டல் நகரத்துத் துவக்குத் தொழிலாளி ஜோர்ஜ் கிப்ஸ் அவருக்கென்று செய்துகொடுத்த ரைபிள் 21 இறாத்தல் எடை கொண்டது. ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோ. உருண்டைக் குண்டு மட்டும் மூன்று அவுன்ஸ். ஒரு தடவைக்கு 16 டிராம் வெடிமருந்து, இன்றைய கணக்கில் 28 கிராம் அளவில், அதற்குத் தேவைப்பட்டது. தோளை உடைத்துவிடும் என்று மற்றவர்கள் அஞ்சிய அளவு அது. குண்டுகளைத் தானே வார்ப்பதும் மருந்தை அளப்பதும் அவருக்கு வேட்டையின் ஒரு பகுதியாகவே இருந்தன. யானையின் மண்டை எலும்பில் மெல்லிய ஈயம் நசுங்கிவிடும் என்பதால், வேறு உலோகத்தைக் கலந்து ஈயத்தை வன்மையாக்கிப் பார்த்தார். எந்தத் துவக்குக்கு எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு என்று எழுதி வைத்து ஒப்பிட்டார்.

ஆனால் மருந்தை இடித்து அடைக்கும் துவக்குக்கு ஒரு பெரிய குறை உண்டு. சுட்டு முடிந்ததும் கையில் இருப்பது வெறும் இரும்புக் குழாய். அடுத்த குண்டை அடைப்பதற்குள் காயம்பட்ட யானை வந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்து வேட்டைக்காரரின் பின்னால் எப்போதும் மூன்று நான்கு பேர் மருந்து அடைத்த துவக்குகளுடன் நின்றார்கள். பாய்ந்து வரும் யானையின் முன் ஓடாமல் நின்று, சரியான நொடியில் அடுத்த துவக்கை நீட்டியவர்கள் அவர்கள்தான். ஓடிவிட்டால் துரையின் கதை அங்கேயே முடிந்திருக்கும். வேட்டைப் புத்தகங்களில் துரையின் துணிவு பக்கம் பக்கமாக இருக்கிறது. துவக்கு நீட்டியவர்களில் சிலருடைய பெயர்கள் மட்டும், அதுவும் அரைகுறையாக, அங்கங்கே வந்து போகின்றன.

வடமாகாணத்தின் கணக்கு

பேக்கர் மின்னேரியாவிலும் கிழக்குப் பக்கத்துப் புல்வெளிகளிலும் யானைகளைச் சுட்டார். ஒரே பயணத்தில் டசின்கணக்கில் சுட்டு வீழ்த்தியதை மறைக்காமல் எழுதினார். ஆனால் அவர் தனியாள் அல்லர். அவருக்கு முன்னோடியான மேஜர் றொஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டவராகச் சொல்லப்படுகிறார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த றொஜர்ஸின் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது.

இந்தக் கொலைக்குப் பின்னால் அரசின் பணம் இருந்தது. பயிரை அழிக்கும் விலங்கு என்று யானையைப் பட்டியலிட்ட குடியேற்ற அரசு, கொல்லப்பட்ட ஒவ்வொரு யானைக்கும் சில ஷில்லிங் சன்மானம் கொடுத்தது. அப்போது குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் பின்னர் எழுதிய நூலில் ஒரு கணக்கைத் தருகிறார். 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. 1851க்கும் 1856க்கும் இடையில் தென்மாகாணத்தில் 2,000 யானைகள். அன்றைய வடமாகாணம் இன்றையதைவிடப் பெரியது. வன்னியும் மன்னாரும் மட்டுமல்ல, நுவரகலாவியவும் அதற்குள் இருந்தது.

2011இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட முதலாவது யானைக் கணக்கெடுப்பில் கிடைத்த மொத்தத் தொகை 5,879. மூன்றாண்டுக்குள் ஒரு மாகாணத்தின் ஒரு பகுதியில் சன்மானத்துக்காகக் கொன்ற தொகை இதில் பாதியைத் தாண்டுகிறது.

இந்தப் பின்னணியில் பேக்கரை எப்படிப் பார்ப்பது? அவர் காட்டை நேசித்தார் என்பதில் சந்தேகமில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் நாய்களுடன் ஓடிக் கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மரை வேட்டையாடிய அவர், மலைகளையும் ஆறுகளையும் அவ்வளவு நுணுக்கமாகக் கண்டு எழுதினார். இடிந்து கிடந்த பழைய குளங்களைப் பார்த்து, இவற்றைக் கட்டியவர்களின் நாடு ஏன் இப்படிப் பாழாகியது என்று யோசித்தார். குளங்களைத் திருத்தினால் தாழ்நிலம் மீண்டும் செழிக்கும் என்று வாதிட்டார். அதே கண்ணால்தான் யானையின் நெற்றியில் எந்த இடத்தில் குண்டு இறங்க வேண்டும் என்பதையும் பார்த்தார். அவருக்கு இவை இரண்டும் முரணாகத் தோன்றவில்லை. அவர் வகுப்பைச் சேர்ந்த எவருக்கும் அப்போது தோன்றவில்லை.

நுவரெலியாப் பண்ணை நினைத்தபடி வளரவில்லை. கொண்டுவந்த கால்நடைகளில் பல இறந்தன, உருளைக்கிழங்கைப் புழு தின்றது, மண் எரு கேட்டது. இருந்தும் நுவரெலியாவின் மரக்கறிச் செய்கையின் தொடக்கம் பற்றிப் பேசும்போது அவருடைய பெயர் வருகிறது. 1855இல், உடல்நலம் கெட்ட நிலையில், அவர் நாட்டை விட்டுப் போனார். தம்பி ஜோன் இங்கேயே தங்கிவிட்டார்.

விதுனில் கண்ட பெண்

அதே ஆண்டின் இறுதியில் பிரான்சில் ஹென்ரியெற்றா காய்ச்சலில் இறந்தார். சிறுவயதில் இறந்த பிள்ளைகள் போக, நான்கு பெண் பிள்ளைகள் மிஞ்சினார்கள். அவர்களைத் தன் சகோதரியிடம் விட்டுவிட்டுப் பேக்கர் அலையத் தொடங்கினார்.

பஞ்சாபின் சிம்மாசனத்தை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்த மகாராஜா துலீப் சிங்குடன் டனூப் ஆற்றங்கரைக்கு வேட்டைக்குப் போனார். 1859இல் விதுன் என்ற ஊரில், அடிமைச் சந்தையில் ஒரு பெண்ணைக் கண்டார். ஹங்கேரியப் போர்க்குழப்பத்தில் குடும்பத்தை இழந்து அகதியாகி, பின்னர் விற்பனைக்கு வந்தவள். அவளைத் தன்னுடன் கொண்டுபோய்விட்டார். புளோரன்ஸ் என்ற பெயரில் அவள் அவருடைய வாழ்க்கைத் துணையானாள். நைல் பயணத்தின் காய்ச்சலையும் பசியையும் கலகத்தையும் அவருடன் சேர்ந்தே தாண்டினாள். 1864 மார்ச் 14இல் இருவரும் ஒரு பெரிய ஏரியின் கரையில் நின்றார்கள். அந்த ஊர் மக்கள் ஏற்கெனவே பெயர் வைத்திருந்த ஏரி அது. பேக்கர் அதற்கு மகாராணியின் இறந்த கணவர் அல்பேர்ட்டின் பெயரைச் சூட்டினார்.

1865இல் அவர்கள் இங்கிலாந்தில் திருமணம் செய்தார்கள். அடுத்த ஆண்டு அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. ஆனால் விக்ரோரியா மகாராணி புளோரன்ஸைக் கடைசிவரை அரசவையில் ஏற்கவில்லை. போரில் குடும்பத்தை இழந்த பெண்ணிடம் அவள் எப்படி உயிர் தப்பினாள் என்ற கேள்வியைச் சந்தேகத்தோடு கேட்கும் வழக்கம் அந்த அரண்மனையோடு முடிந்துவிடவில்லை.

பித்தளைக் கோதின் வருகை

1866இல் பிரித்தானிய இராணுவம் ஸ்னைடர் ரைபிளை ஏற்றுக்கொண்டது. குழாயின் வாய்வழியே அடைக்கும் காலம் அதோடு முடிந்தது. வூல்விச் ஆயுதசாலையின் எட்வேர்ட் பொக்ஸர் செய்த புதிய ரவையில் மெல்லிய பித்தளைத் தகட்டுச் சுருளுக்குள் மருந்தும், முன்னால் குண்டும், பின்னால் கேப்பும் ஒன்றாக இருந்தன. பின்பக்கத்தைத் திறந்து ரவையை வைத்து மூடினால் போதும். பழக்கப்பட்டவர் நிமிடத்துக்குப் பத்துத் தடவை சுடலாம்.

1869இல் எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் ஆண்டுக்கு 10,000 பவுண் சம்பளத்தில் பேக்கரை நியமித்தார். மேல் நைல் பிரதேசத்தை எகிப்துடன் இணைப்பதும் அடிமை வியாபாரத்தை ஒழிப்பதும் வேலை. பேக்கர் தன் மெய்க்காவல் படையாகச் சிலரைத் தெரிந்தெடுத்து அவர்கள் கையில் ஸ்னைடரைக் கொடுத்தார். அந்தப் படைக்கு நாற்பது திருடர்கள் என்று செல்லப்பெயர். 1872 ஜூன் 8இல் புன்யோரோ இராச்சியத்தின் மசிண்டியில், இளம் அரசன் கபலேகாவின் ஆயிரக்கணக்கான வீரர்கள் அவர்களைச் சூழ்ந்தார்கள். பின்னால் இருந்து அடைக்கும் ரைபிளின் வேகத்தை ஈட்டிகளால் வெல்ல முடியவில்லை. பேக்கரின் ஆட்கள் ஊரைக் கொளுத்தினார்கள். உணவின்றிச் சில நாட்களில் பேக்கரும் பின்வாங்க நேர்ந்தது. அடிமை வியாபாரத்தை ஒழிக்க வந்தவர் ஓர் ஊரை எரித்துவிட்டுப் போனார் என்பது புன்யோரோ மக்களின் பக்கத்துக் கதை. 1873இல் அவர் பதவியை விட்டார். அடிமைக் கொட்டில்கள் சிலவற்றை அவர் திறந்து மனிதர்களை விடுவித்ததும் உண்மை. அந்தப் பதவிக்கு அவருக்குப் பின் வந்தவர் ஜெனரல் கோர்டன்.

சுருட்டிய தகட்டுக் கோதுக்கும் குறை இருந்தது. சூட்டில் விரிந்து குழாய்க்குள் இறுகிக்கொள்ளும், இழுத்தால் கிழியும். 1885 ஜனவரியில் சூடானின் அபு கிளியா சண்டையில் பிரித்தானியப் படையினரின் துவக்குகள் இப்படிச் சிக்கிக்கொண்டன. அதன்பின்தான் ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளைக் கோதுக்கு இராணுவம் மாறியது. நூற்றுக்கு எழுபது பங்கு செப்பு, முப்பது பங்கு நாகம். வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, இழுத்து நீட்டி, இடையிடையே சூடாக்கி இளக்கி, மறுபடி இழுத்துச் செய்வார்கள்.

இந்தக் கோதுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சுடும்போது விரிந்து குழாயின் சுவரை அடைத்துக்கொள்ளும், அடுத்த கணம் சற்றே சுருங்கி வெளியே வரும். ஆகவே அதைத் திரும்பப் பயன்படுத்தலாம். காடுகளில் இருந்த வேட்டைக்காரர்களும் தோட்டத் துரைமாரும் வெற்றுக்கோதுகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்தினார்கள். பழைய கேப்பைத் தட்டி எடுப்பது, கரியைக் கழுவுவது, விரிந்த கோதை அச்சில் இட்டுப் பழைய அளவுக்கு இறுக்குவது, நீண்டுவிட்ட கழுத்தை வெட்டுவது, வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, புதிய கேப்பை வைப்பது என்று பொறுமை கேட்கும் வேலை அது. திரும்பத் திரும்ப விரிந்து சுருங்கும் பித்தளை விறைத்துப்போகும். சூடாக்கி இளக்காவிட்டால் கழுத்தில் கீறிவிடும்.

பித்தளையின் இந்தப் பலவீனம் நம் பக்கத்துக் காலநிலையில்தான் பெரிதாக வெளிப்பட்டது. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை இலாயங்களுக்கு அருகே வைத்த ரவைகளின் கழுத்துகள் யாரும் தொடாமலே வெடித்தன. குதிரை எருவில் இருந்து வரும் அமோனியாவும் ஈரப்பதனும், செய்யும்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்தே இதைச் செய்கின்றன என்பது 1921 அளவில்தான் ஆய்வில் நிறுவப்பட்டது. தீர்வு எளிது. கோதை மிதமாகச் சூடாக்கி உள்ளிறுக்கத்தைத் தளர்த்த வேண்டும்.

பேக்கர் இந்த மாற்றங்களை எல்லாம் ஒரு தொழிலாளியின் அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். முதுமையில் பலமுறை இந்தியாவுக்கு வந்து புலி வேட்டையாடினார். 1890இல் வந்த அவருடைய கடைசிப் பெரிய நூலில், பழைய துவக்குகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு, உட்குழிவான இலகு குண்டுகள் பெரிய விலங்குக்கு உதவாது என்று வாதிட்டார். 1893 டிசெம்பர் 30இல் இங்கிலாந்தின் டெவனில் இருந்த வீட்டில் இறந்தார். புளோரன்ஸ் 1916வரை வாழ்ந்தார்.

மிஞ்சியவை

பேக்கரின் காலம் முடியும்போது இலங்கையில் யானைகள் குறைந்திருந்தன. சன்மானம் கொடுத்த அதே அரசு, 1891இல் யானைகளையும் எருமைகளையும் வீணாகக் கொல்வதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1894இல் விலங்குகளைக் காக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர்களும் பெரும்பாலும் வேட்டைக்காரர்களே. சுட எதுவும் மிஞ்சாது என்ற அச்சமும் அதில் இருந்தது.

இன்று முல்லைத்தீவிலோ வவுனியா வடக்கிலோ ஒரு விவசாயியிடம் யானையைப் பற்றிக் கேட்டால், அவர் பேக்கரின் மொழியில் பேசமாட்டார். இரவெல்லாம் பரணில் விழித்திருந்து, வனஜீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடியைக் கொளுத்தி, ஆறுமாத உழைப்பை ஓரிரவில் இழந்தவர் அவர். இடம்பெயர்ந்து, மீள்குடியேறி, கண்ணிவெடி அகற்றிய காணியில் முதல்முறை விதைத்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். மறுபக்கம், 2023இல் மட்டும் நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. சூட்டுக் காயம், மின்சார வேலி, உணவுக்குள் வைக்கும் ஹக்கபட்டாஸ், ரயில் என்று காரணங்கள் நீள்கின்றன. கட்டுத்துவக்கில் மனிதரும் சிக்கிக் காயப்படுகிறார்கள்.

இந்தச் சண்டையைப் பற்றிப் பேசும்போது, பயிரை அழிக்கும் விவசாயியின் எதிரி என்று யானையை முதலில் அரசாணையில் எழுதி, தலைக்கு விலை வைத்தவர்கள் யார் என்பது பேச்சில் வருவதில்லை. யானையின் காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்களின் பெயர்கள் நீர்வீழ்ச்சிகளிலும் சமவெளிகளிலும் இருக்கின்றன. அந்தத் தோட்டங்களுக்காக வன்னிக் காட்டில் நடந்து இறந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

பேக்கரைப் போன்றவர்கள் கோதுகளைப் பொறுக்கியது மறுபடி சுடுவதற்காக. போர் முடிந்த பின் நம் மக்களும் பொறுக்கினார்கள். பித்தளைக்கும் இரும்புக்கும் கிலோவுக்கு விலை இருந்ததால், அரிசி வாங்குவதற்காக. வெற்றுக்கோது என்று எடுத்தது வெடித்துக் கையை இழந்த சிறுவர்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. கண்டால் தொடாமல் அறிவிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியே இருக்கிறது.

பேக்கர் நீர்வீழ்ச்சியின் பெயரை மாற்ற வேண்டும் என்பதல்ல இங்கே கேட்பது. அந்த அருவிக்கு அருகில் உள்ள பலகையில் இன்னும் இரண்டு வரிகள் சேர்க்கலாம். 1848க்கு முந்திய மூன்றாண்டுகளில் வடக்கில் கொல்லப்பட்ட 3,500 யானைகளைப் பற்றி ஒன்று, துவக்கை நீட்டியபடி அவருக்குப் பின்னால் ஓடாமல் நின்றவர்களைப் பற்றி ஒன்று. படம் எடுக்க வரும் பிள்ளைகள் அதையும் வாசித்துவிட்டுப் போகட்டும்.